நம் பிரதிநிதியின் அவைக்கணக்கு

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு. அன்பர் பலர் விரும்பியவண்ணம் ஈண்டு வெளியிடப்படுகின்றது.)



இக்கூட்டத்தில் இலக்கியப் பொருள் ஒன்றனைப்பற்றி யான் பேசுவேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். பள்ளியில் தமிழ் கற்பித்து வாழும் என்போல்வாரிடம் கம்பரையும் வள்ளுவரையும் கேட்பது இயல்பே. ஆயினும், சில திங்களாக என் நெஞ்சை உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு செய்தியை இன்று உங்கள்முன் வைக்க விரும்புகின்றேன். பார்லிமெண்டில் நமக்காக அமர்ந்திருக்கும் அங்கத்தினர் ஆங்கு என்ன செய்கின்றார் என்பதை அறிந்துகொள்ளவேண்டிய நம் கடமையைப் பற்றியது அச்செய்தி. எந்தக் கட்சியையும் உயர்த்தவோ தாழ்த்தவோ யான் வரவில்லை. இச்சங்கத்தில் எல்லாக் கட்சியினரும் உளர். அனைவர்க்கும் பொதுவானவற்றையே பேசுவேன்.

நம் குலத்தில் தோன்றி மக்களவை அங்கத்தினராக விளங்கும் பெரியார் ஒருவருக்குச் சென்ற ஆண்டு நம் சங்கத்தார் வரவேற்பு உபசாரம் செய்தனர். அவ்விழாவிற்கு வாழ்த்துப்பா எழுதித் தரும் பணி எனக்கு வாய்த்தது. குலப்பெருமை ஒரு பா, பெற்றோர் சிறப்பு ஒரு பா, கல்வி ஒரு பா, ஈகை ஒரு பா, இன்சொல் ஒரு பா என ஐந்து பாக்கள் எளிதில் அமைந்தன. ஆறாம் பாவில் அவர் அவையில் ஆற்றிய தொண்டினைப் பாட முற்பட்டேன். எழுதுகோல் நின்றுவிட்டது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

காரியதரிசி அவர்களிடம் சென்று வினவினேன். “பண்டிதரே, என் பேத்தியின் திருமணத்திற்கு டில்லியிலிருந்து நேரே வந்து ஆசி கூறினாரே, அதனை எழுதலாமே” என்றார். பொக்கிஷதாரரை வினவினேன். “நம் தெருமுனையில் பேருந்து நிழற்குடை கட்டிக் கொடுத்தார்” என்றார். அங்கு நின்ற இளைஞர் ஒருவர், “அங்கே போய்க் கட்சி சொன்னபடி கை தூக்குவதுதானே, ஐயா” என்று நகைத்தார். மூவர் கூற்றும் பாட்டிற்கு உதவவில்லை. முடிவில், ‘அவையில் அரியேறு’ என்று ஒரு தொடரை வைத்துப் பாவை நிரப்பிவிட்டேன். எதுகையும் மோனையும் நன்கு அமைந்தன. விழாவில் அதனைப் படித்தபொழுது கைதட்டலும் மிகுதியாகவே எழுந்தது.

மறுநாள், அச்சிட்ட வாழ்த்துமடலைக் கையில் வைத்துக்கொண்டு என் மாணவி ஒருத்தி வந்தாள். பன்னிரண்டாம் வகுப்பில் பயில்பவள். நம் சங்கக் குடும்பத்துப் பெண். “ஐயா, அவையில் அரியேறு என்று எழுதியிருக்கிறீர்களே, அவர் அங்கே என்ன பேசினார்?” என்று கேட்டாள். அவள் என்னைக் குறைகூறக் கேட்டவள் அல்லள். அறியும் விருப்பத்தாற் கேட்டாள். அதனாலேயே எனக்கு நாணம் மிகுந்தது. பொருள் தெரியாத சொல்லைக் கட்டுரையில் எழுதாதே என்று நாள்தோறும் அவளுக்குச் சொல்லுகின்ற யான், பொருளே இல்லாத ஒரு தொடரைப் பலர் நடுவே பாடியிருந்தேன்.

அன்று மாலை பள்ளியின் கணிப்பொறிமுன் அவளும் யானும் அமர்ந்தோம். பார்லிமெண்டின் இணையதளத்தில் ஒவ்வோர் அங்கத்தினர் பெயரின்கீழும் அவர் கேட்ட வினாக்கள், அவற்றிற்கு மந்திரிமார் அளித்த விடைகள், அவர் பேசிய பேச்சுகள் யாவும் தொகுக்கப்பட்டிருத்தலைக் கண்டோம். 2005 ஆம் ஆண்டு தோன்றிய பி.ஆர்.எஸ். என்னும் ஆராய்ச்சி நிலையமும், அங்கத்தினர்தம் வருகை, வினா, விவாதம், தனிநபர் மசோதா ஆகியவற்றை எண்ணி, மாநிலச் சராசரியோடும் நாட்டுச் சராசரியோடும் ஒப்பிட்டு வெளியிட்டு வருகின்றது. இவற்றைக் காண்பதற்குக் கட்டணம் இல்லை. எவருடைய சிபாரிசும் வேண்டுவதில்லை. திறந்த கதவின்முன் நின்றுகொண்டு, உள்ளே என்ன நடக்கின்றதோ என்று நாம் இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்தோம்.

இக்கதவு தானே திறந்ததன்று. இங்கிலாந்தில் பார்லிமெண்டு விவாதங்களை அச்சிடுதல் ஒரு காலத்திற் குற்றமாகக் கருதப்பட்டது. 1771 ஆம் ஆண்டில் அவ்வாறு அச்சிட்ட ஒருவரை விடுவித்தமைக்காக இலண்டன் நகரத் தலைவராகிய பிராஸ் கிராஸ்பி என்பவரே கோபுரச் சிறையில் வைக்கப்பட்டார். யார் எப்பக்கம் வாக்களித்தார் என்னும் பெயர்ப்பட்டியலைக் காமன்ஸ் சபை தானே முறையாக வெளியிடத் தொடங்கியது 1836 ஆம் ஆண்டிலேதான். நம் நாட்டிலும், பார்லிமெண்டு நடவடிக்கைகளை உள்ளவாறு வெளியிடும் பத்திரிகைகளுக்குக் காப்பளிக்கும் சட்டம் 1956 இல் வந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 இல், அது நீக்கப்பட்டது; 1977 இல் மீண்டும் இயற்றப்பட்டது; 1978 ஆம் ஆண்டின் 44ஆம் திருத்தத்தால் அக்காப்பு அரசியலமைப்பிலேயே இடம்பெற்றது. பிறர் இடர்ப்பட்டுத் திறந்த கதவினுள் எட்டிப் பார்க்கவும் நாம் சோம்புதல் தகுமா?

இனி, அவைக்குள் அங்கத்தினர்க்குரிய தொழில்கள் யாவை, அவை எவ்வாறு பதிவாகின்றன என்பவற்றைச் சுருங்கக் கூறுவேன். இம்முறை தெரியாதார்க்கு அப்பதிவுகள் வெறும் எண்களாகவே தோன்றும்.

முதலாவது, வருகை. அங்கத்தினர் தம் வருகையைப் பதிவுசெய்வர். மந்திரிமாரும் எதிர்க்கட்சித் தலைவரும் அவ்வாறு பதிவுசெய்வதில்லை. ஆதலின் அவர்களை அக்கணக்கால் அளத்தல் கூடாது. பதிவுசெய்தவர் நாள் முழுதும் இருந்தார் என்பதற்கும் அஃது உறுதி ஆகாது. அன்றியும், அவை கூடிய நாளின் தொகையையும் உடன்வைத்தே வருகையை எண்ணவேண்டும். 1952 முதல் 1957 வரை இருந்த முதல் மக்களவை 677 நாள் கூடிற்று. 2019 முதல் 2024 வரை இருந்த பதினேழாம் மக்களவை 274 நாளே கூடிற்று. குறைந்த நாளே திறந்திருந்த பள்ளியில் நூற்றுக்கு நூறு வருகை பெற்ற மாணவனை ஆசிரியர் எவ்வளவு பாராட்டுவார் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது, வினா. மக்களவையில் நாளின் முதல் மணிநேரம் வினாவிற்கு உரியது. நட்சத்திரக் குறியுள்ள வினாக்கள் நாளொன்றுக்கு 20 பட்டியலிற் சேரும். அவற்றிற்கு மந்திரி வாய்மொழியாக விடையிறுக்கவேண்டும். அவ்விடையின்மேல் துணைவினாவும் தொடுக்கலாம். குறியில்லா வினாக்கள் 230 வரை ஏற்கப்படும். அவற்றிற்கு விடை எழுத்தில் வரும். எந்த வினா எந்த நாளில் முன்னிற்கும் என்பது பெரும்பாலும் குலுக்கலால் அமைவது. ஆகவே வாய்மொழி விடை பெறாதவர் சோம்பேறி என்று கூறிவிடலாகாது. எழுத்து விடையைத் தொகுத்துப் பயன்கொள்ளும் அங்கத்தினரும் உளர்.

வினாவின் வலிமைக்கு ஒரு சான்று கூறுவேன். 1957 இல், ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷன் முந்திரா என்னும் வணிகருடைய கம்பெனிகளில் ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ரூபாய் இட்டது குறித்து மக்களவையில் வினா எழுந்தது. அதனை விடாது பற்றி, அவ்வாண்டு டிசம்பரில் அவையே வியக்குமாறு விவரங்களை அடுக்கிப் பேசியவர் பெரோஸ் காந்தி. அவர் எதிர்க்கட்சியினர் அல்லர்; ஆளுங்கட்சியினர். அதனினும் மேலாக, பிரதம மந்திரி நேருவின் மருமகர். விசாரணை நடந்தது, 1958 பிப்ரவரியில் நிதிமந்திரி டி. டி. கிருஷ்ணமாச்சாரியார் பதவி துறந்தார். உறவும் கட்சியும் அவர் வினாவைத் தடுக்கவில்லை. முன்னர்க் கூறிய 1956 ஆம் ஆண்டுச் சட்டமும் அவர் கொணர்ந்த தனிநபர் மசோதாவே என்பதையும் இங்கு நினைவுகூர்தல் தகும்.

மூன்றாவது, தனிநபர் மசோதா. மந்திரியல்லாத அங்கத்தினர் எவரும் சட்ட முன்வரைவு கொணரலாம். வெள்ளிக்கிழமையின் இறுதி இரண்டரை மணிநேரம் அதற்கென ஒதுக்கப்பட்டுள்ளது. அங்ஙனம் வந்து சட்டமானவை 14 மட்டுமே. 1970 க்குப் பின்னர் ஒன்றும் ஆகவில்லை. அதனாற் பயனில்லை என்று கொள்ளற்க. 2015 ஏப்ரல் 24 ஆம் நாள், நம் தமிழ்நாட்டு அங்கத்தினர் திருச்சி சிவா கொணர்ந்த திருநங்கையர், திருநம்பியர் உரிமை மசோதா மாநிலங்களவையில் நிறைவேறிற்று. அது மக்களவையைக் கடந்து சட்டமாகவில்லை. எனினும் அப்பொருள்பற்றி அரசாங்கமே தனி மசோதா கொணர்ந்து 2019 இல் சட்டமாக்கியது. அச்சட்டம் நிறைவா குறையா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஒருவர் இட்ட விதையே அவ்விவாதத்தை அவைக்குக் கொணர்ந்தது என்பதில் ஐயமில்லை.

நான்காவது, வாக்கு. நம் மக்கள் மிகுதியும் மயங்குமிடம் இதுவே. நாம் தேர்தலில் வாக்களிப்பது மறைவாக. நம் பிரதிநிதி அவையில் வாக்களிப்பதோ நமக்காக. ஆகவே அவர் வாக்கு எப்பக்கம் விழுந்தது என்பது எப்பொழுதும் எழுத்தில் இருக்கும் என்று நினைக்கின்றோம். உண்மை வேறு. பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கால் நிறைவேறுகின்றன. “ஆம்” என்போரும் “இல்லை” என்போரும் குரல் எழுப்புவர். எக்குரல் மிகுந்தது என்று சபாநாயகர் கூறுவார். அதில் எவர் பெயரும் பதிவாகாது. அம்முடிவை எவரேனும் மறுத்துப் பிரிவு வாக்கெடுப்புக் கோரினால்தான் பொறி வாயிலாகவோ சீட்டு வாயிலாகவோ பெயர்கள் பதிவாகும். வாக்குப் பதியும் பொறி மக்களவையில் 1957 இல் அமைக்கப்பட்டது. கோரிக்கை வேண்டாதது என்று சபாநாயகர் கருதினால், அங்கத்தினரை எழுந்து நிற்கச் செய்து தலையெண்ணி முடித்தலும் உண்டு. அப்பொழுதும் பெயர் பதிவாகாது. 2020 செப்டம்பர் 20 ஆம் நாள் மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்கள் கூச்சலுக்கிடையே குரல் வாக்கால் நிறைவேற்றப்பட்டன. பிரிவு வாக்கெடுப்பு வேண்டுமென்று எதிர்க்கட்சியினர் கோரியும் அது நடைபெறவில்லை. அச்சட்டங்கள் 2021 இல் திரும்பப் பெறப்பட்டன. நாடே பேசிய அம்மசோதாக்களுக்கு அந்நாள் அவ்வவையில் எவரெவர் எப்பக்கம் நின்றனர் என்னும் பெயர்ப்பட்டியல் இல்லை.

அரசியலமைப்புத் திருத்தத்திற்கோ தனிப் பெரும்பான்மை வேண்டும்: மொத்த அங்கத்தினருட் பாதிக்கு மேற்பட்டோரும், வந்திருந்து வாக்களிப்போருள் மூன்றில் இரு பங்கினரும் இசையவேண்டும். ஆதலால் அப்பொழுது பிரிவு வாக்கெடுப்பே நிகழும். பொருளாதாரத்தில் நலிந்தோர்க்கு நூற்றுக்குப் பத்து இட ஒதுக்கீடு அளிக்கும் திருத்தம் 2019 ஜனவரி 8 ஆம் நாள் மக்களவையில் 323 க்கு 3 என்னும் வாக்கால் நிறைவேறிற்று. மகளிர் இட ஒதுக்கீட்டுத் திருத்தம் 2023 செப்டம்பர் 20 ஆம் நாள் 454 க்கு 2 என்னும் வாக்கால் நிறைவேறிற்று. இட ஒதுக்கீடு குறித்து இச்சங்கத்தில் நாம் ஆண்டுதோறும் தீர்மானம் நிறைவேற்றுகின்றோம். அத்திருத்தங்கள் வந்த நாளில் நம் தொகுதி அங்கத்தினர் பெயர் எப்பட்டியலில் உள்ளது, அல்லது எதிலும் இல்லையா என்று நம்முள் எத்தனைபேர் பார்த்தோம்?

ஒரு வாக்கில் என்ன இருக்கின்றது என்பாரும் உளர். 1999 ஏப்ரல் 17 ஆம் நாள் வாஜ்பாய் மந்திரிசபையின் நம்பிக்கைப் பிரேரணைக்கு 269 பேர் இசைந்தனர். 270 பேர் மறுத்தனர். ஒரே வாக்கில் ஓர் அரசாங்கம் கவிழ்ந்து, நாடு மறுபடியும் தேர்தலைக் கண்டது.

“கட்சி சொன்னபடி கை தூக்குவதுதானே” என்று கூறிய இளைஞர் கூற்றிலும் உண்மை உண்டு. 1985 ஆம் ஆண்டின் 52ஆம் திருத்தம் கட்சித்தாவலைத் தடுக்கும் பத்தாம் அட்டவணையை அமைத்தது. அதன்படி, கட்சியின் கொறடா இட்ட கட்டளைக்கு மாறாக, முன் அனுமதியின்றி வாக்களித்தவரோ வாக்களியாது விட்டவரோ, கட்சி பதினைந்து நாளுள் பொறுத்துக்கொண்டாலன்றிப் பதவி இழக்க நேரும். விலைக்கு மாறும் அங்கத்தினரை அடக்க வந்த இச்சட்டம், மனச்சான்றின்படி மாறுபட விரும்புவாரையும் கட்டிவிட்டது என்பது அறிஞர் பலர் கருத்து. ஆகவே நம் நாட்டில் ஓர் அங்கத்தினருடைய வாக்கைக்கொண்டு மட்டும் அவர் உள்ளத்தை அளக்க இயலாது. ஆயின் இதனால் நம் ஆராய்ச்சி வீணாவதில்லை. கொறடா வாக்கைக் கட்டலாம். எழுத்தில் ஒரு வினா எழுதி அனுப்பும் கையைக் கட்டுவதில்லை. தொகுதியின் குறையை எடுத்துரைக்கும் நாவைக் கட்டுவதில்லை. வாக்கில் அவருக்கு உரிமை குறைவாயின், உரிமையுள்ள இடங்களில் அவர் என்ன செய்தார் என்று காண்பதே முறையாகும்.

ஐந்தாவது, குழுப்பணி. துறைதோறும் அமைந்த நிலைக்குழுக்கள் 1993 முதல் உள்ளன. இரு அவையினரும் அவற்றில் அமர்வர். மந்திரிசபைத் துறைகள் கேட்கும் பணத்தையும் பல மசோதாக்களையும் ஆங்கு வரிவரியாக ஆராய்வர். கூட்டங்கள் மறைவில் நடப்பினும், வெளிவரும் அறிக்கைகளின் பின்னிணைப்பில் எந்தக் கூட்டத்திற்கு எவர் வந்தார் என்பது காணப்படும். கேமராவும் கைதட்டலும் இல்லாத இவ்விடத்திலேதான் உண்மை உழைப்பாளியை இனங்காணலாம் என்பது என் துணிபு.

அங்கத்தினர் தொகுதியிற் செய்வனவற்றையும் அவையிற் செய்வனவற்றையும் பிரித்தறிதலும் வேண்டும். பொக்கிஷதாரர் கூறிய நிழற்குடை, தொகுதி மேம்பாட்டு நிதியினின்று வந்தது. அந்நிதித் திட்டம் 1993 டிசம்பரில் தொடங்கிற்று. 2011 முதல் ஆண்டுக்கு ஐந்து கோடி ரூபாய் என வகுக்கப்பட்டது. அங்கத்தினர் பரிந்துரைப்பார், ஜில்லா அதிகாரிகள் ஒப்புதல் அளித்து நிறைவேற்றுவர். பணம் பொதுப்பணம். நிழற்குடை நல்லதே, வெயிலில் நிற்பார்க்கு அதன் அருமை தெரியும். ஆயினும் நிழற்குடை கட்டுதற்கென்றே ஒருவரை நாம் டில்லிக்கு அனுப்பவில்லை.

பெரியோர்களே! யானும் என் மாணவியும் அன்று கண்டவற்றை இனிக் கூறுவேன். நாம் வரவேற்ற அப்பெரியாருடைய பதிவில் பாராட்டத்தக்கதும் இருந்தது, வினவத்தக்கதும் இருந்தது. மாணவர்க்குரிய கல்வி உதவித்தொகை ஒன்று குறித்து அவர் எழுத்து வினா ஒன்று கேட்டிருந்தார். மந்திரியின் விடையில் தகுதி, விண்ணப்பிக்கும் வழி, காலவரையறை யாவும் தெளிவாக இருந்தன. நம் பிள்ளைகள் பலர்க்கு அத்தகுதி உண்டு. ஆனால் நாங்கள் அவ்விடையைப் படித்த நாளில் அவ்வாண்டிற்குரிய காலவரையறை முடிந்திருந்தது. படித்து முடித்த என் மாணவி ஒன்றும் பேசவில்லை. அவள் தமக்கை கல்லூரிக் கட்டணத்திற்காகக் கடன் வாங்கிப் படிப்பவள் என்பதை யான் அறிவேன். அவர் கேட்டார், அரசாங்கம் விடை அளித்தது, நாம் காதில் வாங்கவில்லை. வரவேற்பில் அவருக்குப் பொன்னாடை போர்த்திய நாம், அவர் செய்த நற்செயலை அறியாமலே போர்த்தினோம்.

மற்றொன்று: முக்கியமான மசோதா ஒன்றன்மீது பிரிவு வாக்கெடுப்பு நடந்த நாளில் இரு பட்டியலிலும் அவர் பெயர் இல்லை. நோயுற்றிருந்தாரோ, வேறு கடமை இருந்ததோ, கட்சியே வெளிநடப்புச் செய்ததோ, யான் அறியேன். குற்றஞ்சாட்ட எனக்கு உரிமை இல்லை. கேட்க உரிமை உண்டு. வரவேற்பு நாளில் இரண்டு மணிநேரம் அவர் நம்மோடு இருந்தார். நாம் கேட்டோமா? மாலை சூட்டினோம், படம் எடுத்துக்கொண்டோம்.

“நம்மவரை நாமே ஆராய்வதா? பிறர் நகையாரோ?” என்று நம்முட் சிலர் வருந்தக்கூடும். இவ்வருத்தத்தை யான் இகழேன். நம் முன்னோர் எத்தனையோ இடங்களில் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். நம்முள் ஒருவர் பார்லிமெண்டு வாயிலைக் கடந்து உள்ளே சென்றார் என்பதே பலர்க்குக் கண்ணீர் வரவழைத்தது, எனக்கும் அவ்வாறே. ஆயின், வாயிலைக் கடந்தவர் உள்ளே என்ன செய்தார் என்று கேட்பதே அவ்வாயிலுக்குச் செய்யும் மரியாதையாகும்.

திருவள்ளுவனார் அதிகாரங்களை அடைவுசெய்த முறையைச் சற்று நோக்குங்கள். ‘தெரிந்து தெளிதல்’ ஐம்பத்தொன்றாம் அதிகாரம். ‘தெரிந்து வினையாடல்’ ஐம்பத்திரண்டாம் அதிகாரம். ‘சுற்றந்தழால்’ ஐம்பத்துமூன்றாம் அதிகாரம். ஆராய்ந்து தெளிந்து, தெளிந்தவரை வினையில் அமர்த்தி, அதன்பின்னரே சுற்றத்தைத் தழுவும் முறையைக் கூறுகின்றார். நாமோ முதலிலேயே தழுவிவிட்டு, ஆராய்ச்சியை மறந்துவிடுகின்றோம்.

காஞ்சிபுரத்தை அடுத்த உத்தரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில், முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன, கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளுக்கு உரியவை. குடவோலையால் வாரியத்தாரைத் தேரும் முறை அவற்றுட் கூறப்படுகின்றது. அஃது அந்தணர் ஊரின் சபை. நிலமும் வேதக்கல்வியும் உடையார்க்கே அதில் இடம். இக்காலத்து எல்லார்க்கும் உரிய வாக்குரிமை அன்று இருந்ததென்று கூறுவது பிழை. ஆயினும் அதிற் கண்ட விதி ஒன்று நமக்கு வேண்டுவது. முன்னர் வாரியஞ் செய்து கணக்குக் காட்டாது விட்டவர் பெயரைக் குடவோலையில் எழுதலாகாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் எழுதலாகாது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே, உறவினைக் கணக்கிற்குத் திரையாக்கலாகாது என்று கல்லில் வெட்டி வைத்திருக்கின்றனர்.

ஆகவே இச்சங்கத்தின்முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றேன். நம் சங்கத்தில் ஒரு கணக்குப் புத்தகம் தொடங்குவோம். நம் குடும்பங்கள் வாழும் தொகுதி ஒவ்வொன்றிற்கும் சில பக்கங்கள் ஒதுக்குவோம். வருகை, வினா, பேச்சு, வாக்கு, குழுப்பணி என ஐந்து பத்திகள் போதும். பட்ஜெட் கூட்டத்தொடர், மழைக்காலத் தொடர், குளிர்காலத் தொடர் ஆகிய மூன்றும் முடியுந்தோறும் அதனை நிரப்புவோம். கல்லூரியிற் பயிலும் நம் பிள்ளைகளும் பெண்மக்களும் இதனை எளிதிற் செய்வர். மாணவி ஒருத்தி எனக்கு ஒரே மாலையில் கற்பித்துவிட்டாள்.

அப்புத்தகத்திற்கு நான்கு விதிகளும் கூறுவேன். அங்கத்தினர் நம் குலத்தவராயினும் பிற குலத்தவராயினும் அளவுகோல் ஒன்றே ஆகுக. எண்ணிக்கையை மட்டும் எழுதாது, வினாவின் பொருளையும் விடையின் பயனையும் எழுதுக; நூறு வெற்று வினாவினும் குடிநீர் குறித்த ஒரு நல்ல வினா மேலானது. சிறிய கட்சியினர்க்கு அவையில் ஒதுக்கப்படும் பேச்சு நேரமே குறைவு என்பதையும், மந்திரியானோர் வினாக் கேட்பதில்லை என்பதையும் மறவாதிருக்க. நான்காவதாக, நம் பத்திரிகையில் வெளியிடுமுன் அங்கத்தினர்க்கே அனுப்பி, அவர் கூறும் மறுமொழியைச் சுருக்காது உடன் வெளியிடுக. கேளாது தீர்ப்புக் கூறுதல் நமக்கு அழகன்று.

இன்னும் ஒன்று. ‘நம் குலத்திற்கு என்ன செய்தார்’ என்னும் ஒரே வினாவோடு நாம் நின்றுவிடலாகாது. தொகுதியில் நம் அண்டைவீட்டாரும் அவர்க்கே வாக்களித்தனர். நம் குழந்தை நடக்கும் சாலையிலேயே அவர் குழந்தையும் நடக்கின்றது. அவர்கள் நலத்திற்கெனக் கேட்ட வினாவையும் நம் புத்தகத்தில் வரவாகவே எழுதுவோம்.

கட்சிகளின் பகையைத் தேடிக்கொள்வோமோ என்று காரியதரிசி அவர்கள் அஞ்சுதல் இயல்பே. சங்கத்தைக் காக்கும் பொறுப்பு அவருடையது. ஆயினும், பார்லிமெண்டே அச்சிட்டு வெளியிட்டதை நாம் எடுத்துப் படிப்பதில் பகைக்கு இடமில்லை. உண்மையாக உழைக்கும் அங்கத்தினர் இதனை விரும்பவே செய்வர். அவர் கேட்ட உதவித்தொகை வினாவை நாம் உரிய காலத்தில் அறிந்து, நம் பிள்ளைகள் பத்துப்பேர் பயனடைந்திருப்பின், அதனினும் சிறந்த பொன்னாடை அவர்க்கு வேறு உண்டோ?

இறுதியாக, என் தவற்றை உங்கள்முன் ஒப்புக்கொள்ளுகின்றேன். அந்த ஆறாம் பா பொய்ப்பா. அடுத்த முறை வாழ்த்துப்பா எழுத என்னை அழைப்பீர்களாயின், முதலில் அக்கணக்குப் புத்தகத்தைக் கொடுங்கள். அதில் உள்ளதை உள்ளவாறு பாடுவேன். ஒரு பாவிற்கே பொருள் இருப்பின் ஒரு பாவோடு நிறுத்துவேன். என் மாணவி மறுபடியும் மடலைக் கையில் ஏந்தி வந்து கேட்பாளாயின், புத்தகத்தின் பக்கத்தைத் திறந்து காட்டி அவளுக்கு விடை கூறும் தகுதி எனக்கு இருக்கவேண்டும்.